டாம் பிரவுனும் யாரும் உறங்காத இல்லங்களும்

ஆறாம் ஆண்டு மாணவர்கள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் பிரியும் காலம் நெருங்கினால், எங்கள் சுங்கை பாக்காப் வட்டாரத்துப் பெற்றோருள் ஒரு சிலரேனும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், மகன் நல்லாப் படிக்கிறான். அஸ்ராமா ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" என்பார்கள். கேட்பவர் முகத்தில் பெருமையும் அச்சமும் சரிபாதியாகக் கலந்திருக்கும். பெருமைக்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அச்சத்திற்குக் காரணம் நாளிதழ்களில் வரும் பகடிவதைச் செய்திகள். பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டைப் பிரிந்து, தன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்களோடு ஒரே கூரையின்கீழ் உறங்கப் போகிறான். இரவில் ஆசிரியர் போன பிறகு அங்கே யார் அரசர்?

இந்தக் கேள்வியை உலகறிய எழுப்பிய நாவல் ஒன்று இருக்கிறது. அண்மையில் விடுமுறையில் அதை மீண்டும் முழுமையாகப் படித்தேன். தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேய்ஸ்' என்பது அதன் பெயர். 1857ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் மெக்மில்லன் பதிப்பகம் வெளியிட்டது. முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. 'பழைய மாணவன் ஒருவன்' என்று மட்டுமே இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஐந்து பதிப்புகள் கண்டது. விடுதிப் பள்ளிக் கதைகளுள் இதுவே முதலாவது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பின்னால் வந்தவர்கள் அனைவரும் இதன் அச்சில்தான் வார்த்தார்கள். நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்த எனிட் பிளைட்டனின் 'மேலரி டவர்ஸ்' ஆகட்டும், ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் ஆகட்டும், அவற்றின் பாட்டன் வீடு இந்நாவலே. ரயிலேறிப் போகும் புதிய மாணவன், முதல் நாளே கிடைக்கும் தோழன், வீம்பு பிடித்த எதிரி, எல்லாம் அறிந்த தலைமையாசிரியர், இறுதியில் ஒரு பெரிய ஆட்டம் என எல்லாமே இதில் இருக்கின்றன. (டாம் போனது ரயிலில் அன்று, குதிரைவண்டியில்.)

ஹியூஸ் 1822இல் பிறந்தவர். 1834 முதல் 1842 வரை இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் தங்கிப் படித்தார். பின்னர் வழக்கறிஞரானார், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தம் எட்டு வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் வந்தபோது, அவனுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று எண்ணிப் பார்த்ததே இந்நூலுக்கு வித்து. ஆக, எங்கள் ஊர்ப் பெற்றோர் கேட்கும் கேள்விதான் அவருக்கும் இருந்திருக்கிறது.

ரக்பி பள்ளியின் பிறப்பே சுவையான செய்தி. 1567இல் லாரன்ஸ் ஷெரிஃப் என்ற மளிகை வணிகர் தம் ஊர்ப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்க வைத்துச் சென்ற அறக்கொடை அது. காலப்போக்கில் நாடெங்கிலுமிருந்து வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைக்கும் இடமாக மாறிவிட்டது. ஊருக்காகத் தோண்டிய கிணற்றில் யார் நீர் இறைத்தார்கள் என்று பாருங்கள். 1828இல் தாமஸ் ஆர்னால்டு அங்கே தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். 1842 ஜூன் மாதத்தில், நாற்பத்தேழாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், திடீரென்று மறைந்தார். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் கணிதம், நவீன வரலாறு, அயல்மொழி ஆகியவற்றை முறையான பாடங்களாக்கினார். உயர்வகுப்பு மாணவர்களிடம் அதிகாரம் தந்து, விடுதியின் ஒழுங்கை அவர்கள் கையில் ஒப்படைத்தார். நாவலில் 'டாக்டர்' என்றே அவர் வருகிறார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்புறப் பண்ணையாரின் மகன் டாம். ரக்பிக்கு வந்த முதல் நாளே ஹாரி ஈஸ்ட் என்ற மாணவன் நண்பனாகிறான். அங்கே சிறியவர்கள் பெரியவர்களுக்கு ஏவல் செய்ய வேண்டும். ரொட்டி வாட்டித் தருவது, அறையைத் துப்புரவு செய்வது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது ஆகியன அவர்கள் கடமை. ஆறாம் படிவத்தாருக்கு மட்டுமே உரிய அந்த உரிமையை ஐந்தாம் படிவத்து முரடர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் கொடியவன் ஃபிளாஷ்மன். ஒரு குதிரைப் பந்தயக் குலுக்கலில் டாமுக்கு நல்ல சீட்டு விழுகிறது. அதை விற்க மறுத்ததற்காக, ஃபிளாஷ்மன் கூட்டத்தினர் அவனைக் கணப்படுப்பின் முன் பிடித்து நிறுத்தி, அவன் மயங்கி விழும்வரை கால்களை வாட்டுகிறார்கள். நூலில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் இடம் அதுதான்.

அந்த இடத்தில்தான் இம்முறை நான் நெடுநேரம் நின்றேன். டாமின் கால்கள் வெந்தன. பராமரிப்புப் பெண்மணி பார்க்கிறார். மூத்த மாணவர்கள் விசாரிக்கிறார்கள். யார் செய்தார்கள் என்று டாம் வாய் திறப்பதில்லை. விடுதியின் எழுதாச் சட்டம் அது, காட்டிக்கொடுப்பவன் ஆண்மகனல்லன். நூலாசிரியர் இதை வீரமாகவே போற்றுகிறார். பின்னர் டாமும் ஈஸ்டும் சேர்ந்து ஃபிளாஷ்மனை எதிர்த்து அடித்து விழுத்துகிறார்கள். இறுதியில் அவன் பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? ஒரு கோடைக்கால மாலையில் குடித்துவிட்டு நிலைதடுமாறிக் கிடந்ததற்காக. ஒரு சிறுவனைத் தீயில் வாட்டியதற்காக அவன் தண்டிக்கப்படவே இல்லை. எல்லாம் அறிந்தவராகக் காட்டப்படும் டாக்டருக்கு அந்தச் செய்தி எட்டுவதே இல்லை!

ஆர்னால்டைத் தெய்வமாக்கி எழுதிய நூல், அவரது முறையின் பெரும் ஓட்டையையும் தன்னையறியாமல் எழுதி வைத்திருக்கிறது. மூத்தவர்களை நம்பி இரவை ஒப்படைத்தால், நல்ல மூத்தவர் இருக்கும் ஆண்டில் விடுதி நன்றாக இருக்கும். அவர் தேர்வெழுதிப் போய்விட்டால், அடுத்த ஆண்டு ஃபிளாஷ்மனின் ஆட்சி. நாவலில் நடப்பதும் அதுவே. பெரிய புரூக் என்ற நல்ல தலைவன் பள்ளியை விட்டுப் போன பிறகே கொடுமை தலைதூக்குகிறது. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில்தான் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 1857இல் ஹியூஸ் வீரம் என்று எழுதிய மௌனத்தை உடைப்பதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, 'சொன்னால் கோழை' என்ற எண்ணம் போய்விட்டதா என்பதை வகுப்பறையில் இருப்பவர்களே அறிவார்கள்.

மறுபுறம், ஹியூஸ் தம் தலைமையாசிரியருக்கு ஓர் அநீதியும் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்னால்டு வரிசைப்படுத்தியபோது சமய நெறியையும் ஒழுக்கத்தையும் முதலில் வைத்தார். பண்பான நடத்தையை அடுத்து வைத்தார். அறிவாற்றலை மூன்றாவதாக வைத்தார். பந்தாட்டம் அந்த வரிசையிலேயே இல்லை. ஆனால் நாவலைப் படித்தவர் மனத்தில் நிற்பவை காற்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் குத்துச்சண்டையும்தான். நூலின் புகழால் உலகம் ஹியூஸின் ரக்பியையே ஆர்னால்டின் ரக்பி என்று நம்பிவிட்டது. பியேர் தெ குபெர்த்தன் என்ற பிரெஞ்சுக்காரர் இளமையில் இந்நாவலைப் படித்தார். ரக்பிக்கே நேரில் போய்ப் பார்த்தார். விளையாட்டே நல்ல மனிதனை உருவாக்கும் என்ற முடிவுக்கு வந்தார். 1896இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியதற்குப் பின்னே அவர் இருந்தார். ஒரு கதைப்புத்தகம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த ஓட்டத்தில் அது மலாயாவுக்கும் வந்தது. புத்தகமாக வந்ததைவிட மனிதர்களாக வந்தது என்பதே சரி. இத்தகைய பள்ளிகளில் படித்த ஆங்கிலேயர்கள் இங்கே அதிகாரிகளாகவும் தலைமையாசிரியர்களாகவும் வந்து, தாங்கள் கண்ட பள்ளியையே இங்கும் எழுப்பினார்கள். நாவலிலேயே டாமின் தோழன் ஈஸ்ட் படிப்பு முடிந்ததும் படைப்பிரிவோடு இந்தியாவுக்குப் போகிறான். அங்கே அவன் என்ன செய்தான் என்பதை இந்நூல் சொல்லவில்லை. 1857 என்ற ஆண்டை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்ட ஆண்டும் அதுவே. நூறாண்டுக்குப் பிறகு, 1969 முதல், ஜார்ஜ் மெக்டொனால்டு ஃபிரேசர் என்ற எழுத்தாளர் பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ஃபிளாஷ்மனையே நாயகனாக்கி, அவன் பேரரசின் போர்க்களங்களில் பொய்யாகப் பெயர் வாங்கியதாக நாவல் வரிசை ஒன்றை எழுதினார். வேடிக்கை நூல்கள் என்றாலும், அந்தக் கற்பனையில் ஓர் உண்மை இருக்கிறது. சிறுவனை வாட்டப் பழகிய கை அடுத்து எங்கே போயிருக்கும் என்ற கேள்வி அது.

மலாயாவில் அந்த மரபின் முழு உருவத்தைக் காண வேண்டுமானால் கோலாகங்சாருக்குத்தான் போக வேண்டும். சுங்கை பாக்காப்பிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் எட்டிவிடும் தொலைவுதான். கல்வி அதிகாரியாக இருந்த ஆர். ஜே. வில்கின்சனின் முயற்சியால் 1905 ஜனவரியில் அங்கே மலாய் உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது. 1909இல் அது மலாய்க் கல்லூரி என்று பெயர் மாறியது. 'கிழக்கின் ஈட்டன்' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அதன் முதல் தலைமையாசிரியர் வில்லியம் ஹார்கிரீவ்ஸ், நம் பினாங்கிலிருந்து போனவர்! அதற்குமுன் பினாங்கு ஃபிரீ பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். இன்றும் அப்பள்ளியின் விளையாட்டு இல்லங்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாதாரணக் குடும்பத்துச் சிறுவர்களும் கோலாகங்சாரில் படிக்க வேண்டும் என்பது வில்கின்சனின் விருப்பம். ஆனால் அரச குடும்பத்தாரின் பிள்ளைகளும் உயர்குடிப் பிள்ளைகளுமே தொடக்கத்தில் அங்கு நிறைந்தார்கள். மளிகை வணிகரின் அறக்கொடைக்கு நேர்ந்த கதைதான் இங்கும். அரசாங்க உத்தியோகத்திற்கு வேண்டிய உள்நாட்டு அதிகாரிகளை உருவாக்கும் நாற்றங்காலாக அது வளர்ந்தது. பின்னாளில், 1954இல், ஆந்தனி பர்ஜஸ் அங்கே ஆசிரியராக வந்து, 1956இல் 'டைம் ஃபார் எ டைகர்' என்ற நாவலை எழுதினார். அதில் வரும் பள்ளி எதைப் பார்த்து வரையப்பட்டது என்பதை அவ்வூரார் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?

சுங்கை பாக்காப் என்ற ஊரே கரும்பால் எழுந்தது. கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சியூ சீன முதலாளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டம் அமைத்து, கடைத்தெருவையும் உருவாக்கினார். செபராங் பிறையின் தென்பகுதி முழுவதும் அன்று கரும்புத் தோட்டங்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் வெட்டவும் ஆலையில் பிழியவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. லயம் மட்டும் போகவில்லை. குழந்தை பிறந்தால் ஆயாக்கொட்டகை. கொஞ்சம் வளர்ந்தால் தோட்டப்பள்ளி. தோள் வலுத்தால் பெரட்டுக்களம். இவ்வளவுதான் பருவங்கள். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளி என்றால் ஒரு கொட்டகை. ஆசிரியர் என்றால் பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ. கோலாகங்சாரின் விடுதியில் ஒரு சிறுவன் மேசைக்கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த வயதில், லயத்துச் சிறுவன் பால்வெட்டும் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டான். நம் பாட்டன்மார் 'பள்ளிப் பருவ நினைவுகள்' என்று பேசக் கேட்டிருக்கிறீர்களா? என் காதில் விழுந்தவை பெரும்பாலும் வேலைக்குப் போன முதல் நாள் பற்றியவையே. ஒரு சமூகத்தில் வளரிளம் பருவ நாவல் பிறப்பதற்கு முதலில் வளரிளம் பருவம் என்ற ஒன்று வேண்டுமல்லவா?

தமிழர்கள் விடுதிப் பள்ளியையே காணாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷனரிமார் 1823இலேயே உறைவிடக் கல்லூரி ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். டாக்டர் ஆர்னால்டு ரக்பிக்கு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு! அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கும் விடுதிப் பள்ளி திறந்தார்கள். வட்டுக்கோட்டையில் கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தார்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் மிஷன் வளாகத்திற்குள் சமைத்ததை உண்ண மறுத்ததால், சமையற்கட்டு வளாகத்திற்கு வெளியே போனது. செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கமும் இருந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னால்டு என்ற பெயர் வந்தது அங்கேதான். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! 1855இல் அக்கல்லூரி மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள்.

டாம் பிரவுன் வெளிவந்த அதே 1857. ஹியூஸ் தம் விடுதியை எழுதி உலகப் புகழ் பெற்றார். தாமோதரம்பிள்ளையோ செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சிலேற்றுவதில் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் தம் மனத்தைத் திறந்து பேசிய இடங்கள் அவர் எழுதிய பதிப்புரைகள். இலக்கணமும் சங்க நூலும் அழிந்துகொண்டிருந்தபோது தன் பள்ளி விடுதியைப் பற்றி எழுத அவருக்கு நேரமேது! இதைக் குறையாகச் சொல்லவில்லை. வட்டுக்கோட்டையில் பெயர் மாற்றப்பட்ட ஒரு சிறுவன் முதல் இரவில் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பான் என்பதைப் படிக்கும் ஆசை எனக்கு உண்டு, அவ்வளவே.

தமிழில் அந்தக் குரலுக்கு அருகில் வரும் நூல் என்று 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'வைச் சொல்வேன். அது நாவலும் தன்வரலாறும் கலந்தது. முழுவதும் விடுதியில் நடப்பதன்று. ஆயினும் கன்னியர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்த ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுமி, தான் உண்ணும் சோற்றையே சொல்லிக்காட்டும் பேச்சைக் கேட்டுக் குறுகி நின்ற பக்கங்கள் அதில் உள்ளன. டாமைச் சுட்டது சக மாணவர்கள் மூட்டிய நெருப்பு. இச்சிறுமியைச் சுட்ட சொல்லோ, விடுதிக்குப் பொறுப்பானவர்களிடமிருந்தே வந்தது. பாமா பின்னர் தாமும் கன்னியராகி, ஆசிரியராகி, சில ஆண்டுகளில் மடத்தை விட்டு வெளியேறியவர். விடுதியின் இரு கரைகளையும் கண்டு எழுதிய நூல் என்பதால் ஆசிரியர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆங்கிலத்தில் அதை லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்த்திருக்கிறார்.

மீண்டும் நம் பள்ளிகளுக்கு வருகிறேன். பினாங்கு மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எதற்குள் நுழைந்தாலும் ரக்பியின் சாயலைக் காணலாம். கழுத்துப்பட்டை கட்டிய மாணவத் தலைவர்கள் வாயிலில் நிற்பார்கள். விளையாட்டுப் போட்டி வந்தால் சிவப்பு இல்லம், நீல இல்லம், மஞ்சள் இல்லம், பச்சை இல்லம். அல்லது வள்ளுவர், கம்பர், பாரதி இல்லங்கள். கூடாரம் கட்டி, அணிவகுத்து, கோப்பைக்காகத் தொண்டை கிழியக் கத்துவோம். ரக்பியில் 'இல்லம்' என்பது பிள்ளைகள் உண்டு உறங்கி, அழுது, சண்டையிட்டு வாழ்ந்த உண்மையான வீடு. நாவலில் வரும் புகழ்பெற்ற காற்பந்தாட்டம் ஒரு வீட்டார் மற்ற எல்லா வீட்டாரையும் எதிர்த்து ஆடியது. நம்மிடம் வந்து சேர்ந்ததோ பெயரும் நிறமும் மட்டுமே. யாரும் உறங்காத இல்லங்களுக்காக நாம் ஆண்டுதோறும் ஓடுகிறோம்! எனக்கு அதில் வருத்தமில்லை. லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கு மாலையில் தாய் இருக்கும் வீடு இருந்தது. ரக்பியின் செல்வப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

மாணவத் தலைவர் முறையைப் பற்றி ஒரு சிறு செய்தி. அது முழுக்க மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். மணலில் எழுதப் பழக்குவான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கிருந்த பள்ளி முறையைக் கண்டு தம் காப்பகத்தில் கையாண்டார். 1797இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பரவியது. ரக்பியின் மூத்தோர் ஆட்சி வேறு மரபில் வந்தது, இரண்டையும் குழப்பக்கூடாது. சட்டாம்பிள்ளைக்கு முதல் வேலை கற்பிப்பது. ரக்பியின் ஆறாம் படிவத்தானுக்கு முதல் வேலை ஆள்வது. நம் பள்ளிகளில் இன்று மாணவத் தலைவர்களுக்கு நாம் கொடுப்பது இரண்டாவது வேலையே. பெயர் எழுதுவது, வரிசையை அதட்டுவது, தாமதமாக வந்தவனைப் பிடிப்பது. என்னைக் கேட்டால், சட்டாம்பிள்ளையே மேல் என்பேன். (அவனும் சில வேளைகளில் பிரம்பெடுத்தான் என்பது வேறு கதை.)

இத்தனை குறை சொல்லும் நான் இந்நாவலை ஏன் பரிந்துரைக்கிறேன்? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இருந்த நாளில் நான் முதலில் படித்தது ஒரு சுருக்கப் பதிப்பு. அதில் ஃபிளாஷ்மன் வெளியேறியதும் நேராக இறுதிக் கிரிக்கெட் ஆட்டம் வந்துவிடும். நடுவில் இருந்த ஏறக்குறைய நூறு பக்கங்களைப் பதிப்பித்தவர் வெட்டியிருந்தார். முழு நூலைப் பிற்பாடு படித்தபோதுதான், வெட்டப்பட்டது நூலின் உயிர் என்று தெரிந்தது.

ஃபிளாஷ்மன் போன பிறகு டாமும் ஈஸ்டும் கட்டுக்கடங்காத பிள்ளைகளாகிறார்கள். விதி மீறல், ஊர் சுற்றல், எதிலும் பொறுப்பின்மை. பள்ளியில் வைத்திருப்பதா அனுப்பிவிடுவதா என்று டாக்டரே தயங்கும் நிலை. அப்போது அவர்களின் பொறுப்பாசிரியர் டாக்டரிடம் பரிந்து பேசுகிறார். அனுப்பிவிடாதீர்கள், பார்த்துக்கொள்ள ஒரு சிறுவனைக் கையில் கொடுத்தால் நிதானப்படுவார்கள் என்கிறார். யோசிக்கிறேன் என்கிறார் டாக்டர். அடுத்த தவணையில் டாமின் அறைக்கு ஜார்ஜ் ஆர்தர் என்ற மெலிந்த, கூச்சமுள்ள, தந்தையை இழந்த சிறுவன் வந்து சேர்கிறான். முதல் இரவில் பொதுப் படுக்கையறையில், அத்தனை பேர் நடுவில், அவன் மண்டியிட்டு வழிபடுகிறான். சிரிப்பொலி எழுகிறது; ஒரு செருப்பு பறந்து வருகிறது. டாம் தன் காலணியைக் கழற்றி எறிந்தவன்மேல் வீசுகிறான். பிறகு தன் படுக்கையில் உறக்கமின்றிக் கிடக்கிறான். வீட்டில் தாய்க்குக் கொடுத்த வாக்கும், கேலிக்கு அஞ்சித் தான் கைவிட்ட வழிபாடும் அவன் நினைவுக்கு வருகின்றன. மறுநாள் காலை அவனும் மண்டியிடுகிறான்.

அதன்பின் இருவரும் சேர்ந்து வளர்கிறார்கள். ஆர்தர் காய்ச்சலில் கிடந்து பிழைத்தெழுந்த பிறகு, பாடங்களுக்குக் களவாக விடைநூல் பார்த்து எழுதும் பழக்கத்தை விடும்படி டாமைக் கேட்கிறான். அது டாமுக்கு ஃபிளாஷ்மனை எதிர்த்ததைவிடக் கடினமாக இருக்கிறது. பள்ளியின் கடைசி நாள் கிரிக்கெட் ஆட்டத்தின்போது ஓர் இளம் ஆசிரியர் டாமிடம் உண்மையைச் சொல்கிறார். ஆர்தர் உன் அறைக்கு வந்தது தற்செயலன்று, டாக்டர் தேடிப் பார்த்து அவனை உன்னிடம் சேர்த்தார் என்று. அத்தனை ஆண்டும் டாமுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பயன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மலாயாவுக்கு வந்த கப்பலில் இல்லமும் நிறமும் கழுத்துப்பட்டையும் ஏற்றப்பட்டன. இந்தப் பொறுப்பாசிரியர் ஏற்றப்படவில்லை. நாவலில் அவருக்கு அந்த இடத்தில் பெயர்கூட இல்லை. விடுதிப் பள்ளி பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் நான் இப்போது சொல்வது இதுதான். கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்த்துவிட்டு வராதீர்கள். இரவில் எத்தனை பெரியவர்கள் விடுதியில் தங்குகிறார்கள், படிவம் ஒன்று மாணவர்கள் யாரோடு ஒரே அறையில் படுக்கிறார்கள், அந்த இணையைத் தேர்ந்தெடுப்பவர் யார், பிள்ளை யாரிடம் சொன்னால் அது தலைமையாசிரியர் காதுக்கு எட்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வையுங்கள், பேருந்து இருக்கிறது.

என் வகுப்பில் இதைச் சிறு அளவில் செய்துபார்த்தேன். ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவன். ஓய்வு நேரத்தில் அவன் பெயரில் புகார் வராத நாள் இல்லை. மாணவத் தலைவர் பட்டியலில் அவனைச் சேர்க்கச் சிலர் சொன்னார்கள், பொறுப்பு வந்தால் திருந்துவான் என்று. கழுத்துப்பட்டை கொடுத்தால் என்ன ஆவான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்குப் பதிலாக, முதலாம் ஆண்டில் யாரோடும் பேசாத ஒரு சிறுவனைத் தினமும் சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேலையைக் கொடுத்தேன். எதற்காக என்று அவனிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் புகார் குறையவும் இல்லை. மூன்றாம் வாரம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். இன்னொரு அடிதடி என்று நினைத்து எழுந்தேன். "சார், அவன் பேரு இலவசச் சாப்பாட்டு லிஸ்ட்ல இல்ல. தினமும் என் பங்கைத்தான் சாப்பிடுறான்" என்றான். அன்றே விண்ணப்பப் பாரத்தை எடுத்து நிரப்பினோம். சிறுவனின் வீட்டு முகவரியை அவனே சொன்னான்.